குழு முகவரி நெட்வொர்க் மாறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிடிவி, சிசிடிவி, ஸ்டுடியோ ஆடியோ என்று மல்டிகாஸ்ட் (ஒரே ஓடையைக் கேட்கும் பலருக்கும் சேர்த்து அனுப்பும் முறை) ஓடும் இடங்களில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பதினாறடிமான எண்களில் வரும் எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதியிருக்கிறேன். கருவியில் அடிக்கும்போது அதற்குரிய ரோமன் எழுத்தை அடித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்கு எடுத்திருக்கும் 233.252.0.0/24 ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரம்பு. அதை நிஜ நெட்வொர்க்கில் போடாதீர்கள்.

மல்டிகாஸ்ட் முகவரியும் சாதாரண ஐபி முகவரியும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? என்ன வித்தியாசம்?

சாதாரண முகவரி ஒரு கருவியின் ஒரு இன்டர்ஃபேஸைக் குறிக்கும். குழு முகவரி எந்தக் கருவிக்கும் சொந்தமில்லை. ஒரு ஓடையைக் கேட்க விரும்புகிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே எண், அவ்வளவுதான். ஐபிவி4-இல் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை இதற்கு ஒதுக்கம். முதல் 4 பிட் எப்போதும் 1110. மீதி 28 பிட்தான் குழுவின் எண். ஐபிவி6-இல் எஃப்எஃப் என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் குழு முகவரிகள். பாக்கெட்டில் இவை பெறுநர் இடத்தில் மட்டுமே வரும், அனுப்புநர் இடத்தில் வரவே கூடாது.

யார் கேட்கிறார்கள் என்ற விவரம் முகவரிக்குள் இல்லை. கேட்க விரும்பும் கருவி "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். ஐபிவி4-இல் அதற்கு ஐஜிஎம்பி, ஐபிவி6-இல் எம்எல்டி. கீழே வரும் சிக்கல்களில் பாதி, முகவரியை மாற்றிவிட்டு இந்தக் கோரிக்கையை மறந்துவிடுவதால் வருபவை.

ஐபி முகவரி இருக்கும்போது மேக் லெவல்ல தனியா ஒரு குரூப் முகவரி எதுக்கு? ஏஆர்பி கேட்டா தெரிஞ்சுடாதா?

ஏஆர்பி என்பது, ஐபி முகவரியைச் சொல்லி அதற்குரிய மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) லேனில் கேட்கும் முறை. அது வேலை செய்ய, "அது நான்தான்" என்று யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். குழு முகவரிக்கு அப்படி ஒருவர் கிடையாது. அதனால் யாரையும் கேட்காமல் கணக்குப் போட்டே மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும்படி ஒரு விதி வைத்தார்கள். ஸ்டீவ் டீரிங் எழுதி 1989-இல் வெளியான ஆர்எஃப்சி 1112-இல் (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) அந்த விதி இருக்கிறது: 01:00:5இ என்ற முன்னொட்டு, அடுத்து ஒரு 0 பிட், அதன்பின் ஐபி முகவரியின் கடைசி 23 பிட்.

233.252.0.5-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் எண் 233 முழுசாகப் போய்விடும். அடுத்த 252, இருமத்தில் 11111100. அதன் முதல் பிட்டை அணைத்தால் 01111100, அதாவது 7சி. மீதி 0, 5 இரண்டும் அப்படியே. ஆக, மேக் முகவரி 01:00:5இ:7சி:00:05. அனுப்புகிற கருவி, கேட்கிற கருவி, நடுவிலிருக்கும் சுவிட்ச் மூன்றும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு இதே விடைக்கு வரும். ஒருவரையொருவர் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

28 பிட் இருக்கு, 23தான் எடுக்கறாங்க. மிச்சம் 5 பிட் எங்கே போச்சு?

தொலைந்துதான் போயிற்று. 28 பிட்டையும் அப்படியே மேக் முகவரிக்குள் வைக்க, மேக் முகவரிகளை ஒதுக்கும் ஐஇஇஇ அமைப்பு தரும் 24 பிட் தொகுதிகள் 16 வேண்டும். அப்போது ஒரு தொகுதியின் விலை 1000 டாலர் என்றும், இணைய எண்களை நிர்வகித்த ஜான் போஸ்டல் ஒன்றே ஒன்றை வாங்கி அதிலும் பாதியைத்தான் மல்டிகாஸ்ட்டுக்குக் கொடுத்தார் என்றும் இந்தத் துறையில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, கணக்கு உறுதியானது: 01:00:5இ:00:00:00 முதல் 01:00:5இ:7எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப் வரைதான் இடம். போன 5 பிட்டுக்கு 2-இன் 5-ஆம் அடுக்கு 32. அதனால் ஒவ்வொரு மேக் முகவரியிலும் 32 ஐபி குழுக்கள் வந்து உட்கார்கின்றன.

அப்போ ரெண்டு சேனல் ஒரே மேக்ல வந்துட்டா படம் கலந்துடுமா?

கலக்காது. 239.1.1.1-உம் 239.129.1.1-உம் 01:00:5இ:01:01:01 என்ற ஒரே மேக்கில்தான் வரும். ஆனால் பாக்கெட்டுக்குள் ஐபி முகவரி முழுசாக இருக்கிறதே! நெட்வொர்க் கார்டு மேக்கைப் பார்த்து உள்ளே விடும், அதற்கு மேலிருக்கும் ஐபி அடுக்கு "இது நான் கேட்ட குழு இல்லை" என்று தூக்கிப் போட்டுவிடும். கீழே தொலைந்ததை மேலே இருப்பதைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறார்கள். குழு முகவரி எந்த நெட்வொர்க்குக்குப் போனாலும் இந்த ஏற்பாடுதான் அதைக் காப்பாற்றுகிறது.

நஷ்டம் வேறு இடத்தில் வரும். ஸ்னூப்பிங் என்பது, கோரிக்கைகளை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் ஓடையை அனுப்பும் சுவிட்ச் வசதி. மேக்கை மட்டும் பார்த்து ஸ்னூப்பிங் செய்யும் சுவிட்ச், ஒரு சேனல் கேட்ட போர்ட்டுக்கு இரண்டையும் அனுப்பும். 100 எம்பி போர்ட்டில் தொங்கும் பழைய செட்டாப் பாக்ஸ், கேட்காத ஓடையையும் வாங்கி வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கும். ஐபி முகவரியைப் பார்த்து ஸ்னூப்பிங் செய்யும் சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் டேட்டாஷீட்டில் இதைப் பாருங்கள்.

முதல் கேமராவுக்கு 239.0.0.1 வெச்சேன். மொத்த நெட்வொர்க்கும் திணறுது. நல்ல முகவரிதானே அது?

தனியார் பயன்பாட்டுக்கான வரம்பில் இருக்கும் முகவரிதான். ஆனால் அதன் மேக் முகவரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 01:00:5இ:00:00:01. 224.0.0.1-க்கும் அதுவேதான் விடை. 224.0.0.1 என்பது "இந்த லேனில் இருக்கும் எல்லோரும்". மல்டிகாஸ்ட் தெரிந்த ஒவ்வொரு கருவியும் அந்த மேக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். மேலும் 224.0.0.0/24-க்கு வரும் பாக்கெட்டுகளை ஸ்னூப்பிங் சுவிட்ச் எல்லா போர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541-இன் பரிந்துரை. மேக்கை மட்டும் பார்க்கும் சுவிட்ச், உங்கள் கேமரா ஓடையையும் அந்தக் கணக்கில் சேர்த்து எல்லாப் பக்கமும் கொட்டுகிறது. பிரின்டர் வரைக்கும் வீடியோ போகிறது.

முகவரித் திட்டம் போடும்போது இரண்டாவது எண் 0 அல்லது 128 ஆகவும், மூன்றாவது எண் 0 ஆகவும் வரும் எதையும் தொடாதீர்கள். 239.0.0, 239.128.0, 225.0.0 எல்லாம் இதில் அடங்கும். 239.10.20.1 போல ஆரம்பியுங்கள், போதும். எனக்குத் தெரிந்து மல்டிகாஸ்ட் புகார்களில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுதான்.

ஐபிவி6-ல இந்த மோதலே கிடையாதுன்னு சொல்றாங்களே?

குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஐபிவி6-இல் முன்னொட்டு 33:33, அதன்பின் முகவரியின் கடைசி 32 பிட் அப்படியே வரும். எஃப்எஃப்02::1 என்றால் 33:33:00:00:00:01. அந்த 33:33-க்கும் ஒரு வரலாறு உண்டு: ஈதர்நெட் பிறந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் கதவு எண், பாலோ ஆல்டோவில் கயோட்டி ஹில் சாலை 3333.

ஐபிவி6-இல் குழு எண்ணுக்கு 112 பிட் இருக்கிறது, மேக்குக்குள் போவது 32. எனவே கணக்குப்படி ஐபிவி4-ஐவிட அதிகமான முகவரிகள் ஒரே மேக்கில் விழலாம். ஆனால் குழுக்களைக் கடைசி 32 பிட்டுக்குள்ளேயே வேறுபடுத்தி ஒதுக்குங்கள் என்று ஆர்எஃப்சி 3307 சொல்வதால், ஒழுங்காகத் திட்டமிட்டவர்களுக்கு மோதல் வருவதில்லை. குழுவை வேறுபடுத்தும் எண்ணை முகவரியின் நடுவில் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு வரும்.

பழைய கட்டமைப்புக் கோப்பு ஒண்ணுல 80:00:7ஏ-ன்னு மல்டிகாஸ்ட் மேக் இருக்கு. அச்சுப் பிழையா?

பிழையில்லை. டோக்கன் ரிங் அல்லது எஃப்டிடிஐ (இரண்டும் பழைய நெட்வொர்க் வகைகள்) காலத்துக் கோப்பாக இருக்கும். ஈதர்நெட் ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்டை முதலில் அனுப்பும். அவை இரண்டும் முதல் பிட்டை முதலில் அனுப்பும். கம்பியில் ஓடும் பிட் வரிசை ஒன்றாகவே இருந்தாலும் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் தலைகீழாகும். 01 என்பது 00000001. திருப்பினால் 10000000, அதாவது 80. 5இ என்பது 01011110. திருப்பினால் 01111010, அதாவது 7ஏ. ஈதர்நெட்டையும் டோக்கன் ரிங்கையும் இணைத்த பிரிட்ஜ்கள் ஃபிரேமின் தலைப்பில் (ஹெடரில்) இருக்கும் முகவரியைத் திருப்பின. ஏஆர்பி போன்றவற்றின் உள்ளே இருக்கும் முகவரியையும் திருப்ப வேண்டும் என்பது பல இடங்களில் தலைவலியாக இருந்தது.

டோக்கன் ரிங்கில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அந்தக் கார்டுகள் பலவற்றால் விருப்பப்பட்ட குழு முகவரியை வடிகட்ட முடியாது; சில குறிப்பிட்ட பிட்களுக்கு மட்டுமே செவிசாய்க்கும். அதனால் 1993-இல் வந்த ஆர்எஃப்சி 1469, எல்லா ஐபி மல்டிகாஸ்ட்டையும் சி0:00:00:04:00:00 என்ற ஒரே முகவரியில் அனுப்பச் சொன்னது. ஈதர்நெட்டில் 32 குழுவுக்கு ஒரு மேக், இங்கே மொத்த உலகத்துக்கும் ஒன்று. அந்தப் பாக்கெட் மறுபடி ஈதர்நெட்டுக்கு வரும்போது, எந்த மேக்கைப் போடுவது என்பது மேக்கைப் பார்த்தால் தெரியாது. உள்ளே இருக்கும் ஐபி முகவரியைப் படித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஏடிஎம், இன்ஃபினிபேண்ட் மாதிரி ஈதர்நெட்டே இல்லாத இடத்துல?

ஏடிஎம் என்ற பழைய தொலைத்தொடர்பு நெட்வொர்க்கில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வழியே இல்லை. எந்தக் குழுவில் யார் யார் என்று பட்டியல் வைத்திருக்கும் ஒரு சர்வரிடம் கேட்க வேண்டும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2022 அதை மார்ஸ் என்கிறது. சர்வர்களை இணைக்கும் இன்ஃபினிபேண்டில் குழு அடையாளமே 128 பிட் என்பதால் ஐபிவி4-இன் 28 பிட்டும் சேதமில்லாமல் உள்ளே போய்விடும்.

வைஃபைல மட்டும் ஏன் வீடியோ விட்டு விட்டு வருது? அங்கேயும் முகவரி மாத்தறாங்களா?

சாதாரணமாக மாற்றுவதில்லை, சிக்கலே அதுதான். குழு முகவரிக்குப் போகும் வைஃபை ஃபிரேமுக்கு "வந்து சேர்ந்தது" என்று யாரும் பதில் அனுப்புவதில்லை, எனவே தொலைந்தால் மறுபடி அனுப்பப்படாது. தூரத்தில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்று அடிப்படை வேகத்தில், மெதுவாக அனுப்புவார்கள். யாராவது ஒருவர் பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தால் குறிப்பிட்ட பீக்கன் (ஆக்சஸ் பாயின்ட் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பு) வரும்வரை காக்கவைப்பார்கள். 2021-இல் வந்த ஆர்எஃப்சி 9119 இவை எல்லாவற்றையும் விரிவாகப் பேசுகிறது.

இதற்கு மருந்தாகப் பல ஆக்சஸ் பாயின்ட்களில் மல்டிகாஸ்ட்டை யுனிகாஸ்ட்டாக (ஒருவருக்கு மட்டும் அனுப்புவதாக) மாற்றும் வசதி இருக்கிறது. ஐபி முகவரி குழு முகவரியாகவே இருக்கும். மேக் மட்டும் ஒவ்வொரு கேட்பவரின் சொந்த மேக்காக மாறி, தனித்தனிப் பிரதியாகப் போகும். மேக்கும் ஐபியும் பொருந்தவில்லையே என்று பெறும் கருவி தூக்கிப் போடக் கூடாது என்பதை ஐபிவி6-க்காக 2011-இல் ஆர்எஃப்சி 6085 எழுதி வைத்தது. கேட்பவர் ஐந்து பேர் என்றால் இந்த வசதி அருமை. ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் ஒரே ஓடையைப் பார்த்தால் அத்தனை பிரதியும் ஒரே காற்றுவெளியில் போக வேண்டும், அங்கே யோசித்துப் போடுங்கள்.

ஐபிவி4 குரூப்பை ஐபிவி6 பக்கம் கொண்டு போகணும். முகவரியை எப்படி எழுதறது?

96 பிட் முன்னொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி 32 பிட்டில் ஐபிவி4 முகவரியை அப்படியே வைப்பதுதான் நேரான வழி. ஆவணங்களுக்கான முன்னொட்டு எஃப்எஃப்0இ::டிபி8:0:0/96 என்று வைத்துக்கொண்டால், 233.252.0.5 என்பது எஃப்எஃப்0இ::டிபி8:இ9எஃப்சி:5 ஆகும். 233 என்பது இ9, 252 என்பது எஃப்சி. எஃப்எஃப்0இ::டிபி8:233.252.0.5 என்று எழுதினாலும் ஐபிவி6 விதிப்படி சரி, லாக் படிக்கும்போது கண்ணுக்கும் இதம்.

ஒரே ஓடைக்கு இப்போது இரண்டு மேக் இருப்பதைக் கவனியுங்கள். ஐபிவி4 பக்கம் 01:00:5இ:7சி:00:05. ஐபிவி6 பக்கம் 33:33:இ9:எஃப்சி:00:05. ஐபிவி6 பக்கத்தில் முழு 32 பிட்டும் மேக்குக்குள் போய்விடுவதால், முன்பு சொன்ன 32-க்கு-1 மோதல் அங்கே இருக்காது.

224.0.0.251-க்கு எஃப்எஃப்02::எஃப்பி. 251ங்கறது எஃப்பிதானே, அப்போ எல்லாத்தையும் ஹெக்ஸ்ல மாத்தினா போதுமா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ரவுட்டர்கள் வழிகளைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் 224.0.0.5, அங்கே எஃப்எஃப்02::5. ரவுட்டர்கள் மல்டிகாஸ்ட் கோரிக்கைகளைக் கடத்தும் பிம் 224.0.0.13, அங்கே எஃப்எஃப்02::டி. நேரம் ஒத்திசைக்கும் பிடிபி 224.0.1.129, அங்கே கடைசி எண் 181. 1-உம் 129-உம் பதினாறடிமானத்தில் 01, 81. இவை எல்லாம் ஒதுக்கியவர்கள் வேண்டுமென்றே பொருத்தி வைத்தவை. விதி என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

டிவியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கப் பயன்படும் எஸ்எஸ்டிபி ஐபிவி4-இல் 239.255.255.250, ஐபிவி6-இல் லேனுக்குள் எஃப்எஃப்02::சி. விண்டோஸ் பெயர் தேடும் எல்எல்எம்என்ஆர் 224.0.0.252, அங்கே எஃப்எஃப்02::1:3. கணக்குப் போட்டால் இவை வரவே வராது. பெயர்பெற்ற குழுக்களுக்கு அட்டவணையைப் பாருங்கள், உங்கள் சொந்தக் குழுக்களுக்கு மட்டும் முன் கேள்வியில் சொன்ன கணக்கு. 224.0.0.0/24-இல் இருப்பவற்றை மொழிபெயர்க்கவே வேண்டாம். அவை ஒரு லேனைத் தாண்டக் கூடாதவை.

ஸ்கோப்னு ஒண்ணு சொல்றாங்களே, அதையும் மாத்தணுமா?

கட்டாயம். ஐபிவி6 குழு முகவரியில் எஃப்எஃப்-க்கு அடுத்த இலக்கம் கொடிகள் (ஃபிளாக்), அதற்கடுத்தது எல்லை: 2 என்றால் ஒரு லிங்க், 5 ஒரு சைட், 8 ஒரு நிறுவனம், இ உலகம் முழுக்க. ஐபிவி4-இல் முகவரி வரம்பே எல்லையைச் சொல்லும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2365, 239.255.0.0/16-ஐ ஐபிவி6-இன் 3-க்கும், 239.192.0.0/14-ஐ 8-க்கும் இணையாக வைக்கிறது.

நிறுவனத்துக்குள் மட்டும் ஓட வேண்டிய 239.192.5.5-ஐ எஃப்எஃப்0இ முன்னொட்டில் போட்டால், அதை உலகக் குழு ஆக்கிவிட்டீர்கள். எல்லை ரவுட்டர் அதைத் தடுக்கக் காரணமே இருக்காது. ஒவ்வொரு எல்லைக்கும் தனி முன்னொட்டு வையுங்கள். நீங்களாக உருவாக்கும் குழுவென்றால் கொடி இலக்கம் 1 ஆக வேண்டும்: எஃப்எஃப்18 என்பது போல. 0 என்பது நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட குழுக்களுக்கு.

எல்லாம் சரியா மாத்திட்டேன். ஆனா படம் வரலையே?

மூன்று இடங்களில் தேடுங்கள். முதலாவது, முதல் கேள்வியில் சொன்ன கோரிக்கை. பாக்கெட் ஐபிவி4-இலிருந்து ஐபிவி6-க்குப் போகிறது. கோரிக்கை எதிர்த்திசையில், ஐபிவி6-இலிருந்து ஐபிவி4-க்கு வர வேண்டும். மொழிபெயர்க்கும் பெட்டி எம்எல்டி கோரிக்கையை வாங்கி, குழு முகவரியைப் பிரித்தெடுத்து, மறுபக்கம் ஐஜிஎம்பி அல்லது பிம் கோரிக்கையாக அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பவில்லை என்றால் மூலத்திலிருந்து ஒரு பாக்கெட்டும் கிளம்பாது.

இரண்டாவது, அனுப்புநர் முகவரி. மல்டிகாஸ்ட் ரவுட்டர், "இந்த அனுப்புநருக்குப் போகும் வழியிலிருந்துதான் பாக்கெட் வந்ததா" என்று சரிபார்த்த பிறகே முன்னே விடும். 192.0.2.10-ஐ 64:எஃப்எஃப்9பி::சி000:20ஏ என்று மாற்றியிருந்தால், 64:எஃப்எஃப்9பி::/96-க்கான வழி மொழிபெயர்ப்புப் பெட்டியை நோக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டர் சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கைவிடும். அனுப்புநரையும் சேர்த்துக் குறிப்பிடும் 232.0.0.0/8 குழுக்களில், கேட்பவர் சொல்லும் அனுப்புநர் முகவரியும் இதே முன்னொட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, யுடிபி செக்சம் (பாக்கெட் சிதைந்ததா என்று சரிபார்க்கும் எண்). ஐபிவி4-இல் அதை 0 என்று விட்டுவிடலாம். ஐபிவி6-இல் சாதாரண யுடிபிக்கு அது கட்டாயம். 0-வுடன் வரும் பாக்கெட்டுக்குப் பெட்டி புதிதாகக் கணக்கிட வேண்டும். கேப்சரில் பாக்கெட் வருவது தெரியும், பிளேயரில் ஒன்றும் வராது என்றால் இங்கே பாருங்கள்.

எங்ககிட்ட நாட்64 பெட்டி ஏற்கெனவே இருக்கு. அதுவே பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளாது. ஐபிவி6 கருவிகளை ஐபிவி4 சர்வர்களோடு பேசவைக்கும் நாட்64 யுனிகாஸ்ட்டுக்கானது. யுனிகாஸ்ட் முகவரி விதியால் குழு முகவரியை மாற்ற முடியாது என்று மொழிபெயர்ப்புத் தரமே சொல்கிறது. பெயர் தேடலுக்கு ஐபிவி6 முகவரியை உருவாக்கித் தரும் டிஎன்எஸ்64-உம் உதவாது, ஏனென்றால் சேனல் முகவரி பெரும்பாலும் டிஎன்எஸ்ஸிலிருந்து வருவதில்லை. பிளேலிஸ்ட்டிலோ, ஓடையை விவரிக்கும் எஸ்டிபி கோப்பிலோ 233.252.0.5 என்று எழுத்தாகவே இருக்கும். அந்தக் கோப்பையும் யாராவது மாற்ற வேண்டும். அல்லது ஐபிவி6 பக்கத்துக்குத் தனிக் கோப்பு கொடுக்க வேண்டும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

சீனாவின் கல்வி, ஆய்வு நெட்வொர்க்கான செர்நெட், தன் ஐவிஐ மொழிபெயர்ப்பில் மல்டிகாஸ்ட்டையும் முயன்றது. 2011-இன் ஆர்எஃப்சி 6219-இல் அந்த விவரம் இருக்கிறது. அனுப்புநரைக் குறிப்பிடும் குழுக்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு, வேலை பாதியாகக் குறையும்.

ஐபிவி6 குரூப்பை ஐபிவி4 பக்கம் கொண்டு வர முடியுமா?

உங்கள் முன்னொட்டுக்குள் இருப்பவை என்றால், கடைசி 32 பிட்டை எடுத்தால் முடிந்தது. மற்றவற்றுக்குக் கணக்கு கிடையாது. 112 பிட்டை 28-க்குள் திணிக்க முடியாது. எந்த ஐபிவி6 குழுவுக்கு எந்த ஐபிவி4 குழு என்று அட்டவணை எழுதி, பெட்டியில் ஏற்ற வேண்டும். சேனல் பட்டியல் சிறியதாக இருந்தால் இது ஒன்றும் பெரிய பாடில்லை.

தலைப்பு 20 பைட் பெருசாகுதே, பாக்கெட் உடையாதா?

வழக்கமான ஐபிடிவியில் உடையாது. வீடியோவைச் சுமக்கும் 188 பைட் டிஎஸ் பாக்கெட்டுகள் 7 சேர்ந்தால் 1316. ஆர்டிபி 12, யுடிபி 8, ஐபிவி6 தலைப்பு 40 சேர்த்தால் 1376. ஈதர்நெட்டின் வழக்கமான உச்சமான 1500-க்கு இன்னும் இடமிருக்கிறது. 1500-ஐத் தொடும்படி அனுப்பும் கேமராக்களில்தான் ஆபத்து. ஐபிவி4-இல் குழு முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்குப் பிழைச் செய்தி அனுப்பக் கூடாது என்பது விதி, அதனால் பெரிதாக இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியவே தெரியாது. கேமராவிலேயே அளவைக் குறைத்து வையுங்கள்.

மொழிபெயர்க்காமலே தப்பிக்க வழி இருக்கா?

இரண்டு இருக்கின்றன. இரு முனையும் ஐபிவி4, நடுவில் மட்டும் ஐபிவி6 என்றால், ஐபிவி4 பாக்கெட்டை முழுசாக ஐபிவி6 குழுப் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பலாம். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8114 சொல்வது இதுதான். முகவரியை முன்னொட்டுக்குள் வைக்கும் கணக்கு அதே, ஆனால் உள்ளே இருப்பதை யாரும் தொடுவதில்லை. அல்லது மூலத்திலேயே இரண்டாகவும் அனுப்பலாம். அலைவரிசை இரட்டிப்பாகும், ஆனால் கோளாறு தேடும் வேலை பாதிக்கும் கீழே போகும். சேனல்கள் குறைவாக இருக்கும் விடுதி, கல்லூரி வளாகங்களில் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு மொழிபெயர்ப்புப் பெட்டி வெச்சிருக்கோம். ஒவ்வொரு பாக்கெட்டும் ரெண்டு தடவை வருது.

இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பிரதியாக வருவதோடு நின்றால் பரவாயில்லை. இரு திசையும் திறந்திருந்தால் ஒரு பெட்டி ஐபிவி6-க்கு அனுப்பியதை மற்றது மறுபடி ஐபிவி4-க்குத் திருப்பும். மேலே சொன்ன அனுப்புநர் சரிபார்ப்பு நடுவில் ரவுட்டர் இருந்தால் இதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். இரண்டு பெட்டியும் ஒரே லேனில் இருந்தால் பிடிக்க யாருமில்லை, டிடிஎல் (ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும் பாக்கெட்டின் ஆயுள் எண்) தீரும்வரை சுற்றும்.

அனுப்புநர் முகவரி உங்கள் மொழிபெயர்ப்பு முன்னொட்டில் இருந்தால் எதிர்த்திசையில் மொழிபெயர்க்காதே என்று இரண்டு பெட்டியிலும் ஒரு வடிகட்டி போடுங்கள். பிறகு குழுக்களைப் பங்கு பிரியுங்கள்: 239.10-இல் தொடங்குபவை ஒன்றுக்கு, 239.11-இல் தொடங்குபவை மற்றதற்கு, ஒன்று விழுந்தால் மட்டும் மற்றது எடுத்துக்கொள்ளும்படி. கட்டமைத்த பிறகு ஒரு பெட்டியின் கேபிளை உருவிப் பார்த்து, ஓடை மறுபக்கம் மாறுகிறதா என்றும், திரும்பச் செருகியதும் பிரதி வராமல் இருக்கிறதா என்றும் இரண்டையும் சோதித்துவிடுங்கள்.